மூன்றெழுத்து

2016-ல் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கை பல்லாங்குழி ஆடலாம், அவ்வளவு இருக்கிறது என்று ஸ்கேன் எடுத்தவர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பார்க்க வந்த பக்கத்து வீட்டு மாமியிடம், "எண்ண முடியலையாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். துணைக்கு நான். ராத்திரி பத்து மணி வாக்கில் டியூட்டி சிஸ்டர் வந்தார். பி.பி. பார்த்தார். எழுதிக்கொண்டார். கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டையை மாட்டினார். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "பன்னெண்டு மணியிலேருந்து என்.பி.எம். சார். பாத்துக்குங்க" என்றார்.

நான் மண்டையை ஆட்டினேன்.

இந்த மண்டையாட்டல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பி.காம். படித்தவன். என்.பி.ஏ. என்றால் என்னவென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாராக்கடன். பில்லுக்கு அடியில் பொடி எழுத்தில் ஈ. அண்ட் ஓ.ஈ. என்று போட்டிருப்பார்களே, 'தவறுகளும் விடுபடல்களும் நீங்கலாக' என்று அதற்கு அர்த்தம் சொல்லி ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவரை அசத்தியிருக்கிறேன். பிற்பாடு வந்து சேர்ந்தது பத்திரிகைத் தொழில். அடுத்தவர் எழுதியதில் எழுத்துச் சுருக்கம் எதையாவது பார்த்தால் சிவப்பு மசியில் சுழித்து, 'விரிவு எங்கே?' என்று ஓரத்தில் எழுதுகிற உத்தியோகம். அப்பேர்ப்பட்டவன் ஒரு சிஸ்டரைப் பார்த்து, "அப்படின்னா என்னங்க?" என்று கேட்பதா? ஏதோ ஒரு மானிட்டர், ராத்திரி பூரா ஓடும் போலிருக்கிறது என்று நானாகவே ஒரு விரிவு கொடுத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

காலை ஐந்தரை. அம்மாவுக்கு முழிப்பு வந்துவிட்டது. எழுபத்திரண்டு வயதில் காபி இல்லாமல் விடிந்த நாள் அவளுக்குக் கிடையாது. "ஒரு வாய் காபி கிடைக்குமாடா?" என்றாள். கீழே கேன்டீனில் அப்போதுதான் பால் காய்ச்சியிருந்தார்கள். ஃபிளாஸ்க்கில் வாங்கி வந்தேன். ஒரு டம்ளர் முழுக்க அம்மா குடித்தாள். மிச்சத்தை நான். நல்ல காபி.

ஏழரைக்கு மயக்க மருந்து டாக்டர் வந்தார். சின்னப் பெண். "ராத்திரிக்கு அப்புறம் ஏதாவது சாப்பிட்டீங்களா பாட்டி? குடிச்சீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். கேள்வியின் தொனியிலேயே காபி தப்பு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. டாக்டர் பக்கம் திரும்பி, தெளிவான குரலில், "ஒண்ணும் இல்லைம்மா" என்றாள்.

மூன்றாம் கிளாஸில் நான் வீட்டுப்பாடம் எழுதாமல் போனதற்கு, "அவனுக்கு ராத்திரியெல்லாம் ஜுரம் சார்" என்று வாத்தியாரிடம் வந்து சாட்சி சொன்ன அதே குரல். பிள்ளை திட்டு வாங்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் கணக்கு.

டாக்டர் எதையோ டிக் அடித்துவிட்டுக் கிளம்பினார். கதவு வரைக்கும் போய்விட்டார். அந்த நாலைந்து விநாடியில் நான் என்னென்ன யோசித்தேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு டம்ளர்தானே. இரண்டு மணி நேரம் ஆயிற்றே. இந்நேரம் ஜீரணமாகியிருக்காதா.

"டாக்டர், காபி குடிச்சாங்க. பால் காபி. அஞ்சரைக்கு. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்."

அவர் திட்டவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து விளக்கினார். முழித்திருக்கும்போது தொண்டையில் ஒரு காவல்காரன் உண்டு. மயக்க மருந்து கொடுத்தால் அவனும் தூங்கிவிடுவான். வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால், பித்தப்பைக் கல்லெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று ஆகிவிடும். வெறும் தண்ணீர் என்றால் இரண்டு மணி நேர இடைவெளி போதும். பால் கலந்துவிட்டால் ஆறு மணி நேரம். அதற்கு மேல் அன்றைக்குத் தியேட்டர் காலியில்லை. ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளிப்போட்டார்கள்.

கோபப்பட்டது சிஸ்டர்தான். "அட்டையிலயும் எழுதியிருக்கேன். வாயாலயும் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீங்க." மூன்றும் உண்மை.

நில் பை மவுத். வாய்வழியாக எதுவும் கொடுக்காதே. அட்டையில் 'ஒன்றும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூட' என்று தமிழில் எழுதினால் பேனா மை எவ்வளவு செலவாகிவிடும் என்று தெரியவில்லை. அமெரிக்காவில் இதையே என்.பி.ஓ. என்பார்கள். அதன் விரிவு லத்தீன். மருந்துச் சீட்டில் உள்ள முக்கால்வாசி சுருக்கங்கள் லத்தீன்தான். டி.டி.எஸ். என்றால் எனக்குச் சம்பளத்தில் பிடிக்கிற வரி. டாக்டருக்கு மூன்று வேளை. ஓ.டி. என்று பொது மருத்துவர் எழுதினால் ஒரு நாளைக்கு ஒருமுறை. கண் மருத்துவர் எழுதினால் வலது கண். இதெல்லாம் வேடிக்கைபோலத் தோன்றும். ஆனால் இன்சுலின் அளவைக் குறிக்கும் 'யூனிட்' என்ற சொல்லுக்குப் பதிலாக அதன் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் எழுதினால், அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யம் மாதிரி இருக்கும். பத்து யூனிட் நூறாகிவிடும். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் ஜாயிண்ட் கமிஷன் 2004-ல், எழுதவே கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் இந்த ஒற்றை எழுத்தும் உண்டு.

அம்மா நல்லபடியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கற்களை ஒரு குட்டி டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அடுத்த மாதமே ஆபீஸில் எனக்கு ஒரு வேலை வந்தது. நான் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த பத்திரிகையில், எதை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு நடைக் கையேடு உண்டு. ஜெராக்ஸ் எடுத்து நூலால் தைத்தது. டீக்கறை படிந்தது. கம்ப்யூட்டர் காலத்தில் இது என்ன கூத்து, நெட்வொர்க்கில் போடுங்கள் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். பொறுப்பு என் தலையில்.

"விக்கியா போட்டுடலாம் சார்" என்றான் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த தம்பி.

விக்கி என்றால் யார் வேண்டுமானாலும் திறந்து, திருத்தி, சேர்த்து வைக்கக்கூடிய பக்கங்கள். வார்ட் கன்னிங்ஹாம் என்கிற அமெரிக்கர் 1995-ல் முதலாவதை ஆரம்பித்தார். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடுகிற 'விக்கி விக்கி' பஸ்ஸின் பெயரை அதற்கு வைத்துவிட்டார். ஹவாய் மொழியில் சீக்கிரம், சீக்கிரம் என்று அர்த்தம். விக்கிபீடியா அதன் பிரபலமான வாரிசு, அவ்வளவுதான். நாங்கள் போட்டது டோக்குவிக்கி என்ற இலவசச் சரக்கு. 2004-ல் ஆண்ட்ரியாஸ் கோர் என்பவர் எழுதியது. டேட்டாபேஸ்கூட வேண்டாம், எல்லாம் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்கள். அதற்குள் தம்பி ஒரு ஃபைலைத் திறந்து காட்டினான். ஒவ்வொரு வரியிலும் முதலில் ஒரு சுருக்கம், ஓர் இடைவெளி விட்டு அதன் விரிவு. "இதுல ஒரு வரி சேத்தா போதும் சார். அந்தச் சுருக்கம் எந்தப் பக்கத்துல வந்தாலும் அதுவே பாத்துக்கும்."

ஒரு வரி சேர்த்துப் பார்த்தோம். சுருக்கத்துக்குக் கீழே புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு முளைத்தது. மவுஸை அதன்மேல் கொண்டு வைத்தால் ஒரு குட்டிப் பெட்டி எட்டிப் பார்த்து விரிவைச் சொன்னது. மவுஸை நகர்த்தினால் மறைந்துவிட்டது. டூல்டிப் என்றான்.

எனக்கு அந்தப் பெட்டியை ரொம்பப் பிடித்துப்போனது. காரணம் தொழில்நுட்பம் இல்லை. தெரிந்தவன் பாட்டுக்குப் படித்துக்கொண்டு போகலாம், அவனுக்கு இடைஞ்சல் கிடையாது. தெரியாதவன் மவுஸை வைத்துப் பார்க்கலாம். அவன் பார்த்தது பக்கத்து சீட்டுக்காரனுக்குக்கூடத் தெரியாது. ஒருத்தர் முகத்தையும் பார்த்து, "அப்படின்னா?" என்று கேட்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி அட்டைக்குக் கீழே இப்படி ஒரு புள்ளிக்கோடு இருந்திருந்தால் ராத்திரி பத்து மணிக்கு நான் திருட்டுத்தனமாகப் பார்த்திருப்பேன்.

இதன் பின்னால் இருப்பது ஹெச்.டி.எம்.எல்-லில் ஒரு சின்னக் குறி. 1997 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பில், பொதுவான சுருக்கத்துக்கு ஒன்று, முதலெழுத்துகளைக் கோத்து ஒரே சொல்லாக வாசிப்பதற்கு இன்னொன்று என்று இரண்டு குறிகள் கொடுத்தார்கள். எது எதில் சேரும் என்று வருடக்கணக்கில் சண்டை. உலகம் பூரா உபயோகித்துக்கொண்டிருந்த இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஆறு முதலாவதைக் கண்டுகொள்ளவே இல்லை. 2006-ல் வந்த ஏழுதான் மதித்தது. பிறகு ஹெச்.டி.எம்.எல். ஐந்து, இரண்டாவதைத் தூக்கிவிட்டுச் சண்டையை முடித்துவைத்தது.

சரி, விரிவுகளை யார் எழுதுவது? நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் பதினொன்று எழுதினேன். அதற்கு மேல் வரவில்லை. எல்லாமே எனக்குத் தெரிந்தவை, ஆகவே எதுவுமே சுருக்கமாகத் தெரியவில்லை! அந்த சிஸ்டருக்கும் என்.பி.எம். இப்படித்தான் இருந்திருக்கும். பல் தேய்ப்பது, பேன் பார்ப்பது மாதிரி சாதாரண வார்த்தை.

அப்போது பயிற்சிக்கு ஒரு பெண் சேர்ந்திருந்தார். ஒரு நோட்டைக் கொடுத்து, "மூணு வாரத்துக்கு, புரியாம நீ தலையாட்டின ஒவ்வொண்ணையும் இதுல எழுதிட்டு வாம்மா. யார்கிட்டயும் காட்ட மாட்டேன்" என்றேன். முதல் வாரம் நோட்டு காலியாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து நிரம்ப ஆரம்பித்தது. மொத்தம் 41.

அதில் ஒன்பதாவது, ஆர்.டி.ஓ.

"இதுகூடவாம்மா தெரியாது? வண்டி லைசென்ஸ் எடுத்ததில்லையா?"

"அது தெரியும் சார். ஆனா கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள ஒரு பொண்ணு இறந்துட்டா ஆர்.டி.ஓ. விசாரணைன்னு போடறாங்களே. வண்டி லைசென்ஸ் குடுக்கறவர் எதுக்கு சார் அதை விசாரிக்கிறார்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும்விட்டது. வட்டாரப் போக்குவரத்து அதிகாரி ஒருத்தர். வருவாய்க் கோட்டாட்சியர் இன்னொருத்தர். ஆங்கிலத்தில் நடு எழுத்தாவது வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'டி'. அச்சு அசலாக ஒரே மூன்றெழுத்து. வருடக்கணக்கில் நான் என் கையால் பக்கம் பக்கமாக ஆர்.டி.ஓ. விசாரணை என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். செத்துப்போன பெண்ணின் அப்பா அம்மா அதைப் படித்துவிட்டு எந்த ஆபீஸ் வாசலில் போய் நின்றார்களோ.

சி.எஸ்.ஆர். அதற்கு அண்ணன். போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்னால் புகாரைப் பதிந்து ஒரு ரசீது கொடுப்பார்கள். அந்தப் பதிவேட்டின் பெயர் கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர். வணிகப் பக்கத்தில் அதே மூன்றெழுத்து, கம்பெனிகள் செய்ய வேண்டிய சமூகப் பொறுப்பு. கையேட்டில் மாதிரிச் செய்திகளும் போட்டிருந்தோம். தம்பியின் தானியங்கி ஃபைலில் சி.எஸ்.ஆருக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. விளைவு, திருட்டுப்போன பைக்குக்காக ஒருவர் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். வாங்கினார் என்கிற வரியில் மவுஸை வைத்தால், 'பெருநிறுவன சமூகப் பொறுப்பு' என்று பெட்டி கம்பீரமாக அறிவித்தது. தெரியாதவனுக்கு ஒன்றும் சொல்லாமல் விடுவதைவிட இது மோசம். அவன் இனிமேல் சந்தேகப்படவும் மாட்டான்.

தமிழ் இன்னொரு வேலையும் காட்டியது. ஆர்.டி.ஓ. என்று தனியாக நின்றால் புள்ளிக்கோடு வரும். ஆர்.டி.ஓ.வுக்கு, ஆர்.டி.ஓ.விடம், ஆர்.டி.ஓ.வைக் கண்டித்து என்று வேற்றுமை உருபு ஏதாவது ஒட்டிக்கொண்டால் வராது. சுருக்கம் முடிந்ததும் இடைவெளியோ, கமாவோ எதிர்பார்க்கிற ஜெர்மன்காரரின் சாஃப்ட்வேருக்கு நம் நாலாம் வேற்றுமை எங்கே தெரியப்போகிறது? தமிழில் ஓர் அதிகாரி உருபு இல்லாமல் எத்தனை வாக்கியத்தில் வருவார்? யாராவது எதையாவது அவரிடம் கொடுத்துக்கொண்டேதானே இருக்கிறார்கள். மனு.

கடைசியில், இரட்டை அர்த்தக்காரர்களைத் தானியங்கி ஃபைலிலிருந்து துரத்தினோம். வருகிற இடத்தில் எல்லாம் விரிவைக் கையாலேயே குறிக்க தம்பி ஒரு வழி செய்து கொடுத்தான். ராத்திரி ஷிப்டில் அந்தப் பெண்ணும் நானும் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆர்.டி.ஓ.வையும் படித்துப் பார்த்து, இவர் வண்டியா, வருவாயா என்று ஜாதகம் கணித்தோம். இரண்டு இடத்தில் எழுதியவரைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டியிருந்தது. ஓர் இடத்தில் எழுதியவருக்கே தெரியவில்லை.

எல்லாச் சுருக்கத்தையும் விரிக்க வேண்டும் என்கிற கட்சி இல்லை நான். எம்.ஜி.ஆர். என்று எழுதிவிட்டு, கீழே புள்ளிக்கோடு போட்டு மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் என்று பெட்டி வைத்தால், தெரிந்தவருக்கும் சந்தேகம் வந்துவிடும். சில சுருக்கங்கள் விரிவைத் தின்றுவிட்டுத் தாமே பெயராகிவிட்டவை. அவற்றை விட்டுவிடலாம்.

எங்கள் சீனியர் ஒருவருக்கு இந்தக் காரியமே பிடிக்கவில்லை. "இதுகூடத் தெரியாதவன் எதுக்குய்யா பத்திரிகைக்கு வரான்?" என்றார். நியாயமான கேள்விதான். நோட்டில் 33-வதாக இருந்ததை அவரிடம் காட்டினேன். தே.நி. அவர் இருபது வருடமாகச் செய்திகளின் தலையில் பென்சிலால் எழுதி அனுப்புகிற சுருக்கம்.

"தேதி நிச்சயமில்லை. எடுத்து வை, அப்புறம் போடலாம்னு அர்த்தம்" என்றார்.

டெஸ்க்கில் இருந்த நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது 'தேவையில்லை, நிறுத்து' என்று சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் முன்னால் இருந்தவர், அவருக்கு அவர் முன்னால் இருந்தவர். எத்தனை நிருபர்கள் எங்கெங்கோ அலைந்து எழுதிய எத்தனை செய்திகள் அப்படிக் குப்பைக்குப் போயினவோ, கணக்கில்லை. என்னுடையதும் சில இருந்திருக்க வேண்டும். சீனியர் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் அவரே வந்து, ஒரு விரல் டைப்பிங்கில், விக்கியில் தே.நி-க்கு ஒரு வரி சேர்த்துவிட்டுப் போனார். தேதியும் போட்டு.

ஒரு மாதம் ஜோராக ஓடியது. பிறகு வெளியூர் நிருபர் ஒருவர் போன் செய்தார். "சார், கையேட்டை செல்லுல பாக்கறேன். எழுத்துக்குக் கீழ புள்ளி புள்ளியா இருக்கு. எதுக்கு சார் அது?" அப்போதுதான் உறைத்தது. செல்போனில் மவுஸ் ஏது? விரலை எழுத்துக்கு மேலே அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் வராது. தொட்டாலும் பெரும்பாலும் வராது. ஆபீஸில் ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குத்தான் விளக்கம். ஸ்டேஷன் வாசலில் நிற்கிறவருக்கு வெறும் புள்ளிகள். இது எங்களுக்குத்தான் புதுச் செய்தி. மவுஸை வைத்தால்தான் தெரியும் என்கிற மாதிரி எந்தத் தகவலையும் ஒளித்து வைக்காதே என்று விக்கிபீடியாவின் நடைக் கையேடு சொல்கிறது. சுருக்கங்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அந்த விலக்கும் எங்கள் நிருபருக்குப் பிரயோஜனமில்லை.

ஆகவே பழைய வழிக்கே போனோம். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் தடவை வரும்போது முழுசாக எழுது, பிறகு சுருக்கு. பெட்டி கூடுதல் வசதியாக இருந்துவிட்டுப் போகட்டும். எல்லாப் பக்கங்களையும் மறுபடி திறந்து சரிசெய்ய எட்டு நாள் ஆனது. இந்த முறை சீனியரும் உட்கார்ந்தார்.

ஃபைலில் என்.பி.எம்.முக்கும் ஒரு வரி இருந்தது. 'வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, தண்ணீர் உட்பட.' பத்திரிகைக்கு இது எப்போது வரப்போகிறது, தூக்கிவிடலாமா என்று தம்பி கேட்டான். இருக்கட்டும் என்றேன். நான் அந்த ஆபீஸை விட்டு வரும் வரைக்கும் இருந்தது.

அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போன மாதம் எனக்குத்தான் லேசாகத் தலைசுற்றல் என்று டாக்டரிடம் போனேன். ரிசப்ஷனில் இருந்த பெண் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, "நாளைக்குக் காலையில எஃப்.பி.எஸ்.சுக்கு வந்துடுங்க சார்" என்றார். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். கழுத்து பாதி ஆடிவிட்டது.

"அப்படின்னா என்னம்மா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சுகர் டெஸ்ட் சார். வெறும் வயித்துல."

"வெறும் வயிறுன்னா?"

"தண்ணி குடிக்கலாம். காபி, டீ கூடாது."

பின்னால் நின்றிருந்த பெரியவர் முன்னால் எட்டி, "எனக்கும் அதேதாம்மா எழுதியிருக்கு. நானும் காபி குடிக்கக் கூடாதா?" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து வந்து பார்த்தால், அடுப்படியில் ஒரே ஒரு டம்ளர்தான் வைத்திருந்தாள். அவளுடையது. எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து நிதானமாகக் குடித்தாள்.